வாப்பா ஜெயித்த சனிக்கிழமை

கூட்டாளிமாரே, போன மாதம் மலைமேல் கிளப்பில் நடந்த கல்யாணத்தில் நான் ஏன் மண்டபத்துக்குள் வராமல், கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். முழங்கால் வலி என்றேன். பொய்யில்லை. நம் வயதில் முழங்கால் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த இடம் நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் டென்னிஸ் கோர்ட்டாக இருந்தது. என் வாப்பா வேலை செய்த இடம்.

உள்ளே நடைவழியில் கிளப்பின் வரலாற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கோப்பி பயிரிட வந்த வெள்ளைக்காரத் துரைமார் குதிரை ஓட்டிய புல்வெளி, பிறகு அங்கே வெட்டிய ஒன்பது கோல்ஃப் குழிகள், பில்லியர்ட்ஸ் அறை, நீச்சல் குளம், அதைத் திறந்துவைத்தவரின் படம். கீழே இன்றைய வசதிகள்: உடற்பயிற்சி அறை, உள்ளரங்கு, கல்யாண மண்டபம், மணமக்கள் படம் எடுக்கத் தனிப் புல்தரை. வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரிதான். மார்க்கர் என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. குறை சொல்லவில்லை. எல்லாரையும் எழுதச் சுவரில் இடம் போதாது. கோபப்படவும் எனக்கு இப்போது தெம்பில்லை.

டென்னிஸ் மார்க்கர் என்றால் என்ன என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த நாளில் நம் தெருவிலும் தெரியாது. 'கிளப் பியோன்' என்றுதான் வாப்பாவைச் சொல்வார்கள். காலையில் கோர்ட்டைச் சரிபண்ணுவது அவர் வேலை. கறையான் புற்று மண்ணை இடித்துச் சலித்து, தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசிய தரை அது. வெயிலில் வெடித்த இடங்களை அடைத்து, இரும்பு உருளையை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நெட்டைக் கட்டுவார். பின்னேரம் வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் மாற்றிக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பார். ஆட வரும் துரைக்கு ஜோடி இல்லாவிட்டால், "மார்க்கர்!" என்று கூப்பிடுவார். வாப்பா போய் ஆடுவார். ஆடித் தோற்பார். அதுதான் அவருடைய தொழில் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்கு ஆடத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். நோன்பு மாதம், நம் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. மழையே இல்லாத காலம். மாத்தளைத் தெருவெல்லாம் புழுதி. வீட்டில் உம்மா தம்பியைப் பெற்று நாற்பது நாள் முடியாமல் படுத்திருந்தார். பெரியம்மாவும் சாச்சியும் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எங்கே நின்றாலும் யாருக்காவது இடைஞ்சல். "இவளைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க" என்று உம்மா சொன்னதால் அந்த மாதம் முழுக்க வாப்பாவோடு கிளப்புக்குப் போய்வந்தேன்.

கோர்ட்டின் ஓரத்தில் நெட்டும் உருளையும் வைக்கும் தகரக் கொட்டில் ஒன்று இருந்தது. அதன் நிழலில் ஒரு சாக்கைப் போட்டு என்னை இருத்துவார். புதுப் பந்துகள் தகர டப்பாவில் வரும். டப்பாவோடு வரும் சாவியைத் திருப்பி மூடியைக் கழற்றும்போது 'உஸ்' என்று காற்று வெளியே வரும். உடனே ஒரு வாசனை. புது ரப்பரும் கம்பளியும் சேர்ந்த வாசனை. அதை மோப்பம் பிடிக்கவே பக்கத்தில் ஓடிப்போய் நிற்பேன். இப்போது பந்தெல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறதாம். பேரனிடம் ஒன்றைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தேன். அது வேறு என்னவோ.

கிளப்பின் புல்வெளியைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ஒரு கங்காணி. புல்வெட்டும் மெசினை நிறுத்திவிட்டு வந்து கொட்டிலடியில் வெற்றிலை போடுவார். வாப்பாவை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுவார்.

"பாப்பா, ஒங்க வாப்பா மாதிரி பந்து அடிக்க இந்த மலையில ஆளே இல்ல, தெரியுமா?" என்றார் ஒருநாள்.

"அவங்க எப்பவும் தோக்குறாங்களே" என்றேன்.

கங்காணி என்னைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அது அப்படித்தாம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

பள்ளி ஓட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்ததற்கே அழுத பிள்ளை நான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாப்பா நாளுக்கு இரண்டு தரம் தோற்பதைக் கொட்டிலடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும்! அதிகமாக அவரை வென்றவர் செக்ரட்டரி துரை. அவர் வெள்ளைக்காரர் அல்ல, நம் நாட்டவர். கிளப்புக்கு நம் ஆட்களில் முதல் செக்ரட்டரி அவர்தான் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாப்பாவோடு ஆடி ஜெயித்துவிட்டு, கழுத்தில் துவாய்த் துண்டைப் போட்டுக்கொண்டு, வராந்தாவில் இருக்கும் வெள்ளைக்காரத் துரைமாரிடம் சிரித்துக்கொண்டே போவார்.

ஒருநாள் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாமா வந்திருந்தார். உம்மாவின் தம்பி, யட்டவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பேரீச்சம்பழத்தைக் கடித்துக் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்தார்.

"மச்சான், இன்னைக்கும் தோத்துட்டுத்தானே வாறீங்க?"

"ஓ. ரெண்டு பேருக்கிட்ட" என்று தலையாட்டினார் வாப்பா.

"தோக்கிறதுக்குன்னே ஆள் வெச்சிருக்கிற எடம் ஒலகத்துல அந்தக் கிளப்பு ஒண்டுதான். பேசாம நம்ம கடைக்கு வாங்க மச்சான். தராசுல நிக்க நம்பிக்கையான ஆளில்லாம நான் படுற பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

வாப்பா சிரித்துக்கொண்டே எனக்குக் கஞ்சி ஊற்றினார். உள்ளறையிலிருந்து உம்மா, "அவரைச் சாப்பிட விடு" என்றார். மாமாவும் சிரித்தார். நான் மட்டும் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் கொக்கோ மரங்களுக்கு நடுவால் கிளப்புக்கு ஏறும் குறுக்குப் பாதையில் கேட்டேன்.

"வாப்பா, நீங்க ஒரு நாளாவது ஜெயிச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் நம்ம வேலை இல்ல மகள். ஆட வாறவங்க சந்தோசமா வீட்டுக்குப் போகணும். அதைப் பார்த்துக்கிறதுதான் நம்ம வேலை."

"அப்போ மாமா சொல்றது சரிதானே? வெக்கமா இருக்கு எனக்கு."

வாப்பா தொடர்ந்து நடந்தார். பிடித்திருந்த என் கையை விடவில்லை. மேலே போய்ச் சேரும்வரை காய்ந்த கொக்கோ இலைகள் காலடியில் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நோன்பின் கடைசி வாரங்களில் ஒரு சனிக்கிழமை, கண்டிப் பக்கத்துக் கிளப் ஒன்றிலிருந்து ஆட வந்தார்கள். வருஷத்தில் ஒருதரம் நடக்கும் சிநேகப் போட்டி. வராந்தாவில் மேசை விரிப்பு, ஐஸ் வாளி, துரைசானிமாரின் தொப்பிகள். அவர்களில் ஓர் இளம் துரை, சீமையில் படித்துவிட்டு அப்போதுதான் தோட்டத்துக்கு வந்தவர், நம் கிளப் ஆட்கள் இரண்டு பேரை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். அடுத்து ஆட இருந்த வயதான துரை காலையில் கோல்ஃப் ஆடும்போது காலைச் சுளுக்கிக்கொண்டிருந்தார்.

செக்ரட்டரி துரை கொட்டிலடிக்கு வந்தார்.

"மார்க்கர், பெரிய துரைக்கி கால் சரியில்ல. நீ ஆடு. அவங்களுக்கும் சம்மதம். ஒரு செட்தான். ஆட்டம் பார்க்க நல்லா இருந்தாப் போதும், வெளங்குதா?"

"சரி துரை" என்றார் வாப்பா. நோன்பு என்று சொல்லவில்லை.

முதல் மூன்று ஆட்டங்களும் வழக்கம்போலத்தான் போயின. பந்து அந்த இளம் துரையின் கைக்கே போனது. அவர் அடித்தார், கைதட்டினார்கள். பிறகு பக்கம் மாறும்போது வாப்பா வாளித் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். குடிக்கவில்லை. தலையை நிமிர்த்தும்போது என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு ஒரு ஆளை. ஓடவே இல்லை என்று தோன்றியது. பந்து வரும் இடத்தில் முன்னமே நின்றுகொண்டிருந்தார். இளம் துரை ஓங்கி அடித்த பந்தெல்லாம் அமைதியாகத் திரும்பிப் போய்க் கோட்டின் மேல் விழுந்தது. சுண்ணாம்பு புகைபோல் எழும்பியது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, நெட்டுக்கு அருகில் பூப்போல ஒன்று. வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து படிக்கட்டுக்கு வந்தார்கள். கங்காணி மெசினை நடுவழியில் விட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அடி நானா, அடி" என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

ஆறுக்கு நாலு. வாப்பா ஜெயித்துவிட்டார்.

கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. தோற்ற இளம் துரையே நெட்டைத் தாண்டி வந்து வாப்பாவின் தோளைத் தட்டினார். வேர்வையில் வாப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து டவுன் பள்ளிவாசல் பாங்கு மலைக்கு மேலே மெல்லியதாகக் கேட்டது. வாப்பா நோன்பு திறக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். செக்ரட்டரி துரை தன் கையிலிருந்த தேசிக்காய் பிழிந்த தண்ணீரை நீட்டினார்.

"நீ நோன்பா? சொல்லியிருக்கலாமே" என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார். வாப்பா பிஸ்மி சொல்லி, புல்லில் குந்தி உட்கார்ந்து, மூன்று மிடறில் குடித்தார்.

அப்போதுதான் இளம் துரை செக்ரட்டரி துரையைப் பார்த்து இங்கிலீசில் என்னவோ கேட்டார். எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். செக்ரட்டரி துரையும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாக நீடித்தது.

வீட்டுக்கு இறங்கும் வழியில் நான் வாப்பாவின் கையில் தொங்கிக்கொண்டு குதித்தேன்.

"அந்தத் துரை என்ன சொன்னாங்க வாப்பா? ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?"

"இந்த மனுசனையா நீங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயிக்கிறீங்க எண்டு செக்ரட்டரி துரைக்கிட்ட கேட்டாங்க."

"அதுல என்ன சிரிப்பு?"

"அவங்களுக்குச் சிரிப்புத்தான்" என்றார். பிறகு, "கெதியா நடங்க மகள், மஃரிபுத் தொழுகை போயிடும்" என்றார்.

அந்த இரவுக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் மாமா வந்தபோது ஓடிப்போய் அவரிடமும் சொன்னேன். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவரோ வாப்பாவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "அப்போ இத்தன காலமும் வேணும்னுதான் தோத்தீங்களா மச்சான்?" என்று கேட்டார். வாப்பா அவருக்கு ஒரு கோப்பை கஞ்சி ஊற்றி நீட்டினார். மலைமேல் துரைமார் ஒவ்வொருவரும் அதே கேள்வியைத்தான் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பத்து வயதில் எனக்கு எங்கே தெரியும்?

அடுத்த கிழமை வாப்பா வெள்ளை உடுப்போடு வாங்கில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஜோடி இல்லாதவர்கள் வேறொருவர் வரும்வரை வராந்தாவில் பேப்பர் வாசித்தார்கள். சிலர் ஆடாமலே போனார்கள். ஒருவரும் கடுமையாக ஒரு சொல் சொல்லவில்லை. முன்பைவிட மரியாதையாக, "என்ன மார்க்கர், சொகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடந்து போனார்கள். செக்ரட்டரி துரை அந்தச் சனிக்கிழமை கோல்ஃப் ஆடப் போய்விட்டார். நான் சாக்கில் உட்கார்ந்து ஒரு பழைய பந்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாப்பா ராக்கட்டின் நரம்புகளை விரலால் நேராக்கிக்கொண்டே இருந்தார். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

நோன்புப் பெருநாளைக்குச் செக்ரட்டரி துரை வீட்டிலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்று வந்தது. அதுவரை வந்ததில்லை. உம்மா சந்தோஷப்பட்டார். வாப்பா அதைத் திறக்கவில்லை, நாங்கள்தான் திறந்தோம். பெருநாள் கழிந்து வேலைக்குப் போன அன்று செக்ரட்டரி துரை அவரைக் கூப்பிட்டு, "மார்க்கர், இனிமே நீ கோல்ஃப் பக்கம் பாரு. கங்காணிக்கி ஆள் போதாதாம்" என்றாராம். சொல்லும்போது தரையைப் பார்த்தே சொன்னாராம். இது நான் போகாத நாள். பின்னால் கங்காணி வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னது.

"நான் ஆள் போதாதுன்னு சொல்லவே இல்லீங்க. நானா அந்த மெசினத் தொடுறத என்னால பாக்க முடியல. சும்மா நில்லுங்க நானான்னு சொன்னா கேக்க மாட்டேங்குறாரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வருஷக் கடைசி மழை தொடங்கும்வரை வாப்பா கோல்ஃப் குழிகளைச் சுற்றிப் புல் வெட்டினார். பிறகு ஒருநாள் ராக்கட்டையும் அது வளையாமல் இறுக்கிவைக்கும் மரச்சட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் மாமாவின் கடையில் தராசுக்கு முன்னால் நின்றார். ராக்கட்டைச் சுவரில் மாட்டினார். ஈரக் காற்றில் அதன் நரம்புகள் ஒவ்வொன்றாக அறுந்தன. அறும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். நாங்கள் பாடம் படித்துக்கொண்டிருப்போம். யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டோம். சட்டத்தைப் பின்னொரு நாள் கறையான் தின்றது.

மாமா மௌத்தாகும்வரை, "மச்சானை அந்தக் கிளப்புலேருந்து மீட்டுக் கொண்டுவந்தது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாக வைத்திருந்தார், குறையில்லை. வாப்பாவின் கால்கள்தான் கடைக்குள் அடங்கவில்லை. சாமான் நிறுத்துவிட்டு, குதிகாலை உயர்த்தி உயர்த்தி நிற்பார். மூட்டு வலி என்று மாமா தைலம் வாங்கிக் கொடுத்தார்.

செக்ரட்டரி துரையை எங்கள் வீட்டில் நெடுங்காலம் திட்டினோம். இப்போது யோசித்தால் அவர் மேலும் எனக்கு இரக்கம்தான் வருகிறது. வெள்ளைக்காரர் நடுவில் நம் ஆள் ஒருவர் தலைநிமிர்ந்து நடக்க சனிக்கிழமைதோறும் வாப்பாவை வெல்லும் அந்த வெற்றி அவருக்குத் தேவையாக இருந்திருக்கிறது. ஒரே பின்னேரத்தில் அது அத்தனையும் பொய்யாகிவிட்டது. அதுவும் பலர் முன்னிலையில். வாப்பாவின் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் அந்தச் சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்கும். பெரியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கணக்கில் தவறினார்கள். ஆனால் கொக்கோ மரத்தடியில் அந்தக் கேள்வியைக் கேட்டது நான். இதை நான் உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. டீச்சராகி, ஊரூராக மாற்றலாகி, வஹகோட்டைப் பக்கத்துப் பள்ளியில் இருந்தபோதும், பிள்ளைகள் ஓடி ஜெயிக்கும் நேரம் நான் வகுப்பறைக்குள் போய்விடுவேன்.

வாப்பா கடைசியாக மாத்தளை ஆசுபத்திரியில் கிடந்தபோது ஒரு பின்னேரம் கேட்டேவிட்டேன்.

"வாப்பா, அன்னைக்கு நீங்க அந்தத் துரையை ஜெயிச்சது நான் வெக்கமா இருக்குன்னு சொன்னதாலயா?"

நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அப்படி ஏதும் சொன்னீங்களா? எனக்கு ஞாபகமே இல்ல மகள். அந்தப் பொடியன் பந்தை எவ்வளவு நல்லா அனுப்பினான்! அப்படியொரு பந்து எனக்கு வந்து எத்தன வருசம்! திருப்பி அடிக்காம இருக்க ஏலாமப் போச்சு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லி என் கையைத் தட்டினார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என் உடம்பு எடையே இல்லாததுபோல் இருந்தது. முப்பது வருஷமாகத் தூக்கியதை இறக்கிவைத்த மாதிரி. போனவுடன் உம்மாவிடம் சொன்னேன். உம்மா கட்டிலில் உட்கார்ந்து வாப்பாவின் சாரனை மடித்துக்கொண்டிருந்தார்.

"மறக்கிற ஆளா அவர்?" என்றார் நிமிராமல். "அன்னைக்கு ராத்திரி தராவீஹ் தொழுதுட்டு வந்து என் கட்டில்ல உக்காந்து என்ன கேட்டார் தெரியுமா? 'மகள்ட முகத்தைப் பார்த்தீங்களா? இனி அவக்கு வெக்கமா இருக்காது' எண்டார். வேலை போயிடும் எண்டும் அன்னைக்கே சொன்னார். எனக்கிட்டயும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார்."

மடித்த சாரனை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன். முகம் துடைத்து, சாரன் மாற்றிவிட்டு, வெறுந்தேத்தண்ணியைக் கரண்டியால் ஊட்டினேன். வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மகள், இப்ப மனசு லேசா?"

"ஓ வாப்பா" என்றேன், உம்மா சொன்னதைக் காட்டிக்கொள்ளாமல். "நேத்து நல்லாத் தூங்கினேன்."

அவருக்கு அது போதுமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.